வெள்ளிக்கிழமை குதித்து சனிக்கிழமை கரையேறியவர்

பனிப்போரில் பொதுஜனம் – 11

போன வாரம் சமந்தா ஸ்மித்தின் கதையை முடித்தபோது மனசு கனத்துத்தான் போயிருந்தது. பத்து வயதில் சோவியத் தலைவர் ஆந்த்ரோபோவுக்குக் கடிதம் எழுதி, 1983 ஜூலையில் அவர் அழைப்பின் பேரில் அந்த நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த சிறுமி, பதின்மூன்று வயதில் விமான விபத்தில் போய்விட்டாள். இந்த வாரம் கொஞ்சம் வடக்கே போவோம். கொஞ்சம் என்ன, வரைபடமே தீர்ந்துபோகும் இடத்துக்கு.

சுவரில் மாட்டுகிற உலகப் படத்தில் அமெரிக்கா இடது கோடியில் இருக்கும், ரஷ்யா வலது கோடிவரை நீண்டு கிடக்கும். பார்த்தால் ஜென்மப் பகையாளிகள் முகம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். அந்தப் படத்தைக் கழற்றிச் சுருட்டி இரண்டு ஓரங்களையும் ஒட்டிப் பாருங்கள். பகையாளிகள் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் ஆகிவிடுவார்கள். நடுவில் இருப்பது பெரிங் நீரிணை, சுமார் 85 கிலோமீட்டர். அதற்கும் நடுவில் இரண்டு பாறைத் தீவுகள். பெரிய டயோமீட் ரஷ்யாவுடையது, சின்ன டயோமீட் அமெரிக்காவுடையது. இரண்டுக்கும் இடையில் நான்கு கிலோமீட்டர் தண்ணீர்கூடக் கிடையாது. மூடுபனி இல்லாத நாளில் இந்தத் தீவிலிருந்து அந்தத் தீவின் பாறை வெடிப்புகள்வரை கண்ணுக்குத் தெரியும். குளிர்காலத்தில் கடல் உறைந்துவிட்டால் நடந்தே போகலாம்.

1867இல் ரஷ்யப் பேரரசு அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றபோது, எல்லைக்கோடு இந்த இரண்டு தீவுகளுக்கும் நடுவே போகும் என்று எழுதிக்கொண்டார்கள். பிற்பாடு சர்வதேசத் தேதிக்கோடும் அதே இடுக்கில் வந்து விழுந்தது. எனவே சின்ன டயோமீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் எதிரே தெரியும் பெரிய டயோமீட்டில் சனிக்கிழமை. ஒன்றை நேற்றுத் தீவு என்றும் மற்றதை நாளைத் தீவு என்றும் சொல்வதுண்டு. கோடு போட்டவர்கள் ஒருவரும் அங்கே வசிக்கிறவர்களைக் கேட்டதாகத் தெரியவில்லை.

வசித்தவர்கள் கடலை நம்பிப் பிழைத்த பழங்குடிகள். தீவுகளில் இனுபியாட் மக்கள். தெற்கே அமெரிக்காவுக்குச் சொந்தமான செயின்ட் லாரன்ஸ் தீவிலும், எதிர்ப்புறம் ரஷ்யாவின் சுகோட்கா கரையிலும் யூபிக் மக்கள். வால்ரஸ் வேட்டை, சீல் வேட்டை, திமிங்கிலம். எஸ்கிமோ என்று வெளியார் வைத்த பெயர் இவர்களில் பலருக்குப் பிடிக்காது. செயின்ட் லாரன்ஸ் தீவு யூபிக்குகளும் சுகோட்கா யூபிக்குகளும் பேசுவது ஒரே மொழி. கொண்டான் கொடுத்தான் உறவு இரண்டு பக்கமும் உண்டு. வால்ரஸ் தோல் போர்த்திய படகில் ஏறினால் மாமன் வீட்டுக்குப் போய்விடலாம். 1938இல் இரண்டு அரசாங்கங்களும் பெருந்தன்மையாக, இவர்கள் மட்டும் விசா இல்லாமல் போய்வரலாம் என்று ஒப்புக்கொண்டன. ஆயிரக்கணக்கான வருஷமாக நடந்துவந்த காரியத்துக்கு ஒரு காகிதம் கிடைத்தது, அவ்வளவுதான்.

பிறகு உலகப் போர். அப்போது இந்த நீரிணை நட்பு நாடுகளின் நெடுஞ்சாலையாக இருந்தது என்று சொன்னால் இன்று நம்பச் சிரமமாக இருக்கும். ஹிட்லரை எதிர்க்க அமெரிக்கா கொடுத்த போர் விமானங்களை அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் வைத்து ரஷ்ய விமானிகள் பெற்றுக்கொண்டு, நோம் ஊரில் இறங்கிப் பெட்ரோல் போட்டு, நீரிணையைத் தாண்டி சைபீரியாவுக்கு ஓட்டிப் போனார்கள். 1942 முதல் 1945 வரை ஏறக்குறைய 8000 விமானங்கள். நோம் வீதிகளில் ரஷ்ய விமானிகள் சகஜமாக நடமாடினார்கள்.

மூன்றே வருஷம். 1948இல் எல்லை மூடப்பட்டது. அந்தக் கோடையில் வழக்கம்போலப் படகேறி எதிர்த் தீவுக்குப் போன சின்ன டயோமீட்காரர்களை சோவியத் காவலர்கள் பிடித்து வாரக்கணக்கில் வைத்திருந்து அனுப்பினார்கள். பெரிய டயோமீட்டில் குடியிருந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு சைபீரியப் பெருநிலத்துக்குப் போக வேண்டியதாயிற்று. அவர்களில் பலர் போய்ச் சேர்ந்த நௌகான் என்ற கரையோர ஊரையும் 1958இல் அரசாங்கம் காலி செய்தது. தீவில் எல்லைக் காவல் படை மட்டும் மிஞ்சியது. இந்தப் பக்கம் சின்ன டயோமீட்டில், அலாஸ்கா நேஷனல் கார்டில் சேர்ந்த அதே இனத்து இளைஞர்கள் பைனாகுலரை வைத்து எதிர்த் தீவைக் கவனிக்கும் வேலை பார்த்தார்கள். தாத்தா காலத்தில் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போன ஊரை இப்போது வேவு பார்க்க வேண்டும், அதற்குச் சம்பளமும் உண்டு.

ஐரோப்பாவில் விழுந்தது இரும்புத் திரை. இங்கே விழுந்ததற்குப் பனித்திரை என்று பெயர். பனிப்போரில் நிஜமாகவே பனி இருந்த இடம் இதுதான். நாற்பது வருஷம் அப்படியே கிடந்தது. செயின்ட் லாரன்ஸ் தீவின் கேம்பல் கிராமத்தில் நின்றால் தெளிந்த நாளில் சுகோட்கா மலைகள் தெரியும். ஆனால் அங்கே கால்வைக்க வழி கிடையாது. சுகோட்கா மூடப்பட்ட எல்லைப் பிரதேசம். சோவியத் குடிமக்களே அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைய முடியாது. 1983 செப்டம்பர் 1 அன்று, அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து கிளம்பிய கொரியப் பயணிகள் விமானம் வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் போனபோது சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 269 பேரும் மாண்டார்கள். 

இந்த இடத்தில்தான் லின் காக்ஸ் வருகிறார்.

1957இல் பிறந்த அமெரிக்கப் பெண். பதினைந்து வயதில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்து உலக சாதனை செய்தவர். நியூசிலாந்தின் குக் நீரிணை, தென்னமெரிக்க முனையின் மெகல்லன் நீரிணை என்று, போட்டியாளர்களே இல்லாத இடங்களாகப் பார்த்து நீந்திக்கொண்டிருந்தார். மெல்லிய ஓட்டப்பந்தய உடம்பு அல்ல அவருக்கு. சதைப்பிடிப்பான உடல். தோலுக்கடியில் கொழுப்பு சீராகப் பரவியிருந்ததால் குளிர்நீரில் மற்றவர்களுக்கு இல்லாத பாதுகாப்பு இருந்தது. ஊரார் கண்ணில் குறையாகப் படுகிற ஒன்று இந்தக் கதையில் மூலதனம்.

சின்ன டயோமீட்டிலிருந்து பெரிய டயோமீட்டுக்கு நீந்த வேண்டும் என்ற யோசனை 1976 வாக்கில் உதித்தது. அனுமதி கிடைத்தது 1987இல். இடைப்பட்ட பதினொரு வருஷமும் கடிதம், மறுகடிதம், பதிலின்மை. கிரெம்ளின் நாற்காலியில் ப்ரெஷ்னெவ் போய் ஆந்த்ரோபோவ் வந்தார், ஆந்த்ரோபோவ் போய் செர்னென்கோ வந்தார், அவரும் போய் கொர்பச்சேவ் வந்தார். வெள்ளை மாளிகையிலும் ஆட்கள் மாறினார்கள். இந்தப் பெண் மட்டும் மாறவில்லை. எனக்கு அவர் நீந்தியதைவிடப் பெரிய விஷயமாகப் படுவது இந்தப் பதினொரு வருஷம்தான். குளிர்நீர் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். பதில் வராத தபால் அப்படியா?

1987 கோடையில், மாஸ்கோவின் சம்மதம் கையில் இல்லாமலே அவர் அலாஸ்காவுக்குப் போய்விட்டார். சம்மதம் வந்து சேர்ந்தது நீந்துவதற்கு முதல் நாள்.

ஆகஸ்ட் 7, வெள்ளிக்கிழமை. மூடுபனி. எதிரே இருக்கவேண்டிய தீவு கண்ணுக்கே தெரியவில்லை. நீரின் வெப்பநிலை ஆறேழு டிகிரி செல்சியஸ். வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்த தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் விழுந்த சாதாரண ஆளுக்கு முதல் நிமிடத்தில் மூச்சு திணறும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. அப்புறம் கைகால் மரத்து மூழ்கவேண்டியதுதான். லின் காக்ஸ் போட்டிருந்தது சாதாரண நீச்சல் உடை, தலையில் ஒரு தொப்பி, கண்ணுக்குக் கண்ணாடி. குளிர் தாங்கும் ரப்பர் உடுப்பு கிடையாது. உடம்பில் கிரீஸ் பூச்சும் கிடையாது.

வயிற்றுக்குள் ஒரு பொருள் இருந்தது. உடலின் உள்வெப்பத்தை அளந்து வெளியே சமிக்ஞை அனுப்பும் மாத்திரை. அதை விழுங்கிவிட்டுத்தான் குதித்தார். குளிர்நீரில் மனித உடல் படும் பாட்டை ஆராய்ந்துவந்த பிரிட்டிஷ் மருத்துவர் வில்லியம் கீட்டிங் கூடவே படகில் வந்தார். அவ்வப்போது லின் மல்லாந்து நீந்த, படகிலிருந்து குனிந்து கருவியைக் காட்டி வெப்பத்தைப் படித்துக்கொள்வார். நின்றால் உடம்பு சில்லிட்டுவிடும். அளந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஆபத்து எப்போது வந்தது என்றே தெரியாமல் போய்விடும். வழிகாட்ட சின்ன டயோமீட் இனுபியாட்கள் தங்கள் வால்ரஸ் தோல் படகுகளில் வந்தார்கள். நாற்பது வருஷமாக அந்தக் கோட்டைத் தாண்டாத படகுகள்.

பாதி வழியில், மூடுபனிக்குள், சோவியத் படகு எதிர்கொண்டது. அந்தக் கணத்திலிருந்து அது சனிக்கிழமை.

கரையை நெருங்கியபோது ஒரு சிக்கல். கால் ஊன்றச் சுலபமான பாறை பக்கத்தில் இருந்தது. ஆனால் வரவேற்க ஏற்பாடு செய்தவர்கள் காத்திருந்தது இன்னும் முக்கால் கிலோமீட்டர் தள்ளி. நீரோட்டம் எதிராக இருந்தது, நீரின் வெப்பம் மூன்று நான்கு டிகிரிக்கு இறங்கியிருந்தது. பக்கத்துப் பாறையைத் தொட்டிருந்தாலும் சாதனைக் கணக்கில் வந்திருக்கும். லின் திரும்பி, ஆட்கள் நிற்கும் இடத்தை நோக்கி நீந்தினார். சாதனை வேண்டுமென்றால் பாறை போதும், தான் வந்தது மனிதர்களைத் தேடி என்ற தெளிவு அவருக்கு இருந்திருக்கிறது. குதித்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனபோது, பனி படிந்த அந்தக் கரையிலிருந்து கைகள் நீண்டு அவரைத் தூக்கின. போர்வை, கூடாரம், சூடான தேநீர். தண்ணீரைவிட்டு வெளியே வந்த பிறகுதான் உள்வெப்பம் இன்னும் சரியும், குளிர்நீர் நீச்சலில் அதுவும் ஒரு கண்டம். ஒரு ரஷ்யப் பெண் மருத்துவர் அவரைக் கட்டியணைத்துத் தன் உடல் சூட்டைக் கொடுத்தார்.

நான்கு மாதம் கழித்து, 1987 டிசம்பர் 8. வாஷிங்டனில் ரீகனும் கொர்பச்சேவும் நடுத்தர தூர ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1991க்குள் இரண்டு பக்கமும் சேர்த்து 2692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. கையெழுத்தான அன்றிரவு வெள்ளை மாளிகை விருந்தில் கொர்பச்சேவ் எழுந்து பேசியபோது லின் காக்ஸின் பெயரைச் சொன்னார். இரண்டு நாடுகளுக்கும் நடுவிலான தூரத்தைக் கடக்க ஒரு துணிச்சலான அமெரிக்கப் பெண்ணுக்கு இரண்டு மணி நேரம்தான் ஆயிற்று, நம் மக்கள் எவ்வளவு பக்கத்தில் வாழ்கிறார்கள் என்பதை அவர் காட்டிவிட்டார் என்ற பொருளில் பேசினார்.

இதை வைத்து, ஒரு நீச்சல்காரி பனிப்போரை முடித்துவைத்தார் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. 1986 ஜூலையில் விளாதிவஸ்தோக்கில் பேசிய கொர்பச்சேவ், பசிபிக் பக்கத்துக் கதவுகளைத் திறக்கப்போவதாக ஏற்கனவே கோடி காட்டியிருந்தார். 1987 அக்டோபரில் மூர்மன்ஸ்க்கில் பேசும்போது ஆர்க்டிக் முழுவதுமே அமைதிப் பிரதேசமாக வேண்டும் என்றார். பழம் பழுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் காக்கையையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். தலைவர்களுக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. எதிரியோடு கைகுலுக்குகிறான் என்று சொந்த வீட்டிலேயே வசவு விழும். நீச்சல் உடையில் தனியாக வந்த ஒரு பெண்ணுக்குத் தேநீர் கொடுத்ததை யார் குறை சொல்ல முடியும்? சரி என்று சொல்வதற்கான செலவை இப்படிப்பட்ட சாதாரண ஆட்கள் குறைத்துக் கொடுத்தார்கள். சரி என்று சொல்லவேண்டியது என்னவோ அரசாங்கம்தான். அது வாய் திறக்காத பதினொரு வருஷமும் லின் காக்ஸால் ஒரு அடி நகர முடியவில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

நீச்சல் செய்தி உலகம் முழுக்கப் போன சமயத்தில், நோம் ஊரில் இன்னொருத்தர் வேறொரு வழியில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஜிம் ஸ்டிம்ஃபிள். தொழில், வீடு நிலம் விற்றுக் கொடுப்பது. நோம் 1890களின் கடைசியில் தங்கம் கிடைத்துத் திடீரென்று முளைத்த ஊர். தங்கம் வற்றியதும் சுருங்கிப்போனது. சாலை வழியாக அலாஸ்காவின் மற்ற நகரங்களோடு தொடர்பே கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் மனை விற்கிறவருக்கு, பக்கத்தில் ஒரு அண்டை நாடு திறந்தால் வியாபாரமும் திறக்கும் என்ற கணக்கு இருந்திருக்கத்தான் செய்யும். இருக்கட்டுமே. சுத்தமான நோக்கம் உள்ளவர்கள்தான் சமாதானம் செய்யவேண்டும் என்றால் உலகத்தில் சமாதானமே நடந்திருக்காது.

ஸ்டிம்ஃபிள் செய்த முதல் காரியம், பலூன் விட்டது. சிறு பரிசுகளையும் ரஷ்ய மொழியில் எழுதிய வாழ்த்தையும் கட்டி, ஹீலியம் பலூன்களைச் சைபீரியா பக்கமாகக் காற்றில் விட்டார். ஊர் சிரித்தது. காற்றுக்கு எல்லைக்கோடு தெரியாது என்றாலும், நினைத்த திசையும் தெரியாதே. பலூனை விட்டுவிட்டு அவர் கடிதங்களில் இறங்கினார். நோம் வர்த்தக சபை கூடவே நின்றது. இன்னொரு பக்கம், அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவைச் சேர்ந்த டிக்ஸி பெல்ச்சர் 1986இலேயே அறுபதுக்கும் மேற்பட்ட அலாஸ்காப் பாடகர்களையும் ஆட்டக்காரர்களையும் சோவியத் நாட்டுக்குக் கூட்டிப்போய்க் கச்சேரி நடத்திவிட்டு வந்திருந்தார். அந்தக் குழுவில் பழங்குடி ஆட்டக்காரர்களும் உண்டு. பாட்டுக்காரர், மனை வியாபாரி, வர்த்தக சபை, மாநில ஆளுநர், பழங்குடித் தலைவர்கள் எல்லாரும் சேர்ந்து இழுத்ததில் தேர் நகர்ந்தது. அலாஸ்கா ஏர்லைன்ஸ் ஒரு விமானத்தைத் தர முன்வந்தது. நோமிலிருந்து சுகோட்காவின் துறைமுக ஊரான ப்ரோவிதேனியாவுக்கு, ஒரே ஒரு நாள் பயணம். நட்பு விமானம் என்று பெயர்.

1988 ஜூன் 13, திங்கட்கிழமை. ரீகன் மாஸ்கோவில் கொர்பச்சேவோடு உச்சி மாநாடு முடித்துத் திரும்பி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. போயிங் 737 விமானம். 82 பயணிகள். ஆளுநர் ஸ்டீவ் கூப்பர், செனட்டர் ஃபிராங்க் முர்கௌஸ்கி, வியாபாரிகள், பத்திரிகைக்காரர்கள். எல்லாரையும்விட முக்கியமாக, செயின்ட் லாரன்ஸ் தீவு யூபிக்குகள். அவர்களில் முதியவர்களுக்கு எல்லை மூடுமுன் பார்த்த முகங்கள் நினைவிருந்தன. நாற்பது வருஷமாகக் கண்ணெதிரே மலையாக மட்டும் தெரிந்த இடத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே செவ்வாய்க்கிழமை.

அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானங்களின் வாலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் கம்பெனிச் சின்னமாக, ரோமத் தலைமூடி போட்ட ஒரு பழங்குடி மனிதரின் முகம் பெரிதாக வரைந்திருக்கும். விளம்பரக் கலைஞர்கள் வரைந்த முகம்தான். ஆனால் அந்த விமானம் ப்ரோவிதேனியாவின் ஓடுதளத்தில் இறங்கி நின்றபோது, சோவியத் யூபிக்குகள் முதலில் அண்ணாந்து பார்த்தது தங்கள் சாடையில் இருந்த அந்த முகத்தைத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். கதவு திறந்து படி இறங்கி வந்ததும் அதே சாடைதான்.

மொழிபெயர்ப்பாளர்கள் தயாராக இருந்தார்கள். ஆளுநருக்கும் சோவியத் அதிகாரிகளுக்கும் நடுவில் ஆங்கிலமும் ரஷ்ய மொழியும் போய்வந்தன. கிழவர் கிழவிகளுக்கு அது தேவைப்படவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன் விட்ட பேச்சை அப்படியே யூபிக்கில் தொடர்ந்தார்கள். இன்னார் மகன், இன்னார் பேத்தி என்று உறவு முறை விசாரித்துக் கட்டிக்கொண்டு அழுதார்கள். சிக்கல் இளைய தலைமுறைக்குத்தான். சுகோட்காவில் ரஷ்யப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளில் பலருக்குத் தாய்மொழி வாயில் ஒட்டவில்லை. அலாஸ்கா பக்கத்திலும் ஆங்கிலம் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. வல்லரசுகள் இரண்டும் ஒத்துப்போன விஷயங்களில் இது ஒன்று.

அதன் பிறகு காரியங்கள் வேகம் பிடித்தன. அந்த அக்டோபரிலேயே அலாஸ்காவின் பாரோ ஊருக்குப் பக்கத்தில் சாம்பல் திமிங்கிலங்கள் உறைபனியில் சிக்கிக்கொண்டபோது, இனுபியாட்கள் சங்கிலி ரம்பத்தால் மூச்சுத் துளைகளை அறுத்துக்கொண்டே போக, கடைசி மதிலை உடைக்க சோவியத் பனி உடைப்புக் கப்பல்கள் வந்தன. 1989 செப்டம்பரில், பழங்குடிகள் விசா இல்லாமல் உறவினரைப் பார்த்துவர வழிசெய்யும் உடன்பாட்டில் இரண்டு நாட்டு வெளியுறவு அமைச்சர்கள் பேக்கரும் ஷெவர்ட்நாட்சேயும் கையெழுத்திட்டார்கள். 1938 காகிதத்தின் மறுபிரதி, ஐம்பத்தொரு வருஷம் கழித்து. 1991இல் அலாஸ்கா ஏர்லைன்ஸ் மகதான், கபரோவ்ஸ்க் நகரங்களுக்கு விமானம் விட ஆரம்பித்து, ரஷ்யப் பொருளாதாரம் படுத்த 1998இல் நிறுத்தியது. வியாபாரக் கணக்கு போட்டவர்களின் கணக்கு பெரும்பாலும் பலிக்கவில்லை. பெரிய டயோமீட்காரர்கள் தங்கள் தீவுக்குக் குடி திரும்பவும் இல்லை. அங்கே இன்றும் எல்லைக் காவலர்கள்தான்.

1988 ஜூன் 13க்குத் திரும்புவோம். சாயங்காலம் விமானம் கிளம்பியது. வந்த வழியிலேயே நீரிணைக்கு மேல் பறந்து, தேதிக்கோட்டைத் தாண்டி நோமில் இறங்கியது. செவ்வாய்க்கிழமை முழுக்கச் சொந்தக்காரர்களோடு இருந்துவிட்டு வந்தவர்களுக்கு, வீட்டில் இன்னும் திங்கட்கிழமைதான் ஆகியிருந்தது.

(தொடரும்)

அடுத்த வாரம்: நாய் வண்டியும் பனிச்சறுக்குக் கட்டையுமாக, 1989 வசந்தத்தில் உறைந்த நீரிணையை நோக்கி அனாதிரிலிருந்து கிளம்பிய சோவியத் - அமெரிக்கக் குழு.